மெல்வில்லின் பொட்டுகள் எப்படி விழுந்தன?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஓவியர் ஆர்தர் மெல்வில்லின் நீர்வண்ணப் படங்களைத் திரையில் பெரிதாக்கினால் பொட்டும் கறையுமாகத்தான் தெரிகின்றன, சிறிதாக்கியதும் அதே கறைகள் சந்தைக் கூட்டமாகவும் காளைச்சண்டை அரங்கமாகவும் ஆகிவிடுகின்றன. இது கைவந்த அதிர்ஷ்டமா, திட்டமா? நீங்களும் ஈரத்தாளில் வண்ணம் சொட்டிப் பார்த்தீர்கள், சேறாகிப் போனது (அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறீர்கள்), ஏன்? கூடவே, இந்த மனிதர் யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். மற்ற இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: வண்ணத்தைத் தொடுவதற்கு முன் அவர் தாளுக்குச் செய்த வேலையில்.

முதலில் ஆளைப் பற்றி. மெல்வில் 1855இல் ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியான ஆங்கஸில் பிறந்தவர். குடும்பம் பிறகு எடின்பரோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் லிண்டனில் குடியேறியது. பையனை மளிகைக் கடையில் தொழில் பழகப் போட்டார்கள். அவர் ஓவியத்துக்கு நழுவினார். எடின்பரோவில் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் பள்ளியில் ஜேம்ஸ் கேம்ப்பெல் நோபிளிடம் பயின்றார். 1877இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஒரு முட்டைக்கோஸ் தோட்டம்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் படம். அது இப்போது ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பாரிஸ் போய் அகாடமி ஜூலியன் என்ற ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். கிரே-சுர்-லுவான் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் மற்ற வெளிநாட்டு ஓவியர்களோடு தங்கி வரைந்ததும் அந்த ஆண்டுகளில்தான். நீர்வண்ணத்தை அவர் தீவிரமாகக் கையில் எடுத்ததும் பிரான்சில்தான்.

1880இல் எகிப்துக்குப் புறப்பட்டார். கெய்ரோவில் நீண்ட காலம் தங்கி வரைந்துவிட்டு, 1882இல் சூயஸ், ஏடன், கராச்சி என்று கப்பலேறி, பாரசீக வளைகுடா வழியாக பாக்தாத் சேர்ந்தார். இந்தியத் துணைக்கண்டத்தோடு அவருக்குள்ள தொடர்பு கராச்சியோடு முடிகிறது, தெற்கே வரவில்லை. பாக்தாதிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) நோக்கித் தரைவழியாகக் குதிரையில் போனார். வழியில் கொள்ளையரிடம் சிக்கிச் செத்துப் பிழைத்தார். உளவாளி என்ற சந்தேகத்தில் உள்ளூர் பாஷா (ஒட்டோமான் அரசின் உயர் அதிகாரி) ஒருவர் பிடித்தும் வைத்தார். இந்த அனுபவம் பின்னால் படங்களாகவும் வந்தது. ஊர் திரும்பிய பிறகு ஜேம்ஸ் கத்ரி, இ. ஏ. வால்டன், ஜோசப் கிராஹால் ஆகிய இளம் ஓவியர்களோடு நெருக்கமானார். அதனால்தான் அவர்கள் இருந்த 'கிளாஸ்கோ பாய்ஸ்' என்ற ஓவியர் குழுவோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மற்றபடி அவர் எடின்பரோக்காரர். 1888இல் லண்டனின் ராயல் வாட்டர்கலர் சொசைட்டியில் இணை உறுப்பினரானார். 1889இல் லண்டனுக்கே குடிபெயர்ந்தார். 1890களில் ஸ்பெயினுக்குப் பலமுறை போனார். 1892இல் ஓவியர் ஃபிராங்க் பிராங்வினும் கூடப் போனார். 1899இல் எத்தல் குரோலை மணந்தார். 1904இல் ஸ்பெயினில் தொற்றிய டைபாய்டு காய்ச்சலோடு திரும்பி, அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இறந்தார். வயது 49.

இனி விஷயத்துக்கு வருவோம். அவர் எதை விட்டு விலகினார் என்பது தெரிந்தால் அவர் செய்தது தெளிவாகும். பிரிட்டிஷ் நீர்வண்ணத்தில் அதுவரை இரண்டு வழிகள் இருந்தன. பழைய வழியில் வெள்ளை என்பது தாளின் வெறுமைதான்: வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டு, சுற்றிலும் ஒளி ஊடுருவும் மெல்லிய வாஷ்களை, அதாவது நீர்த்த வண்ணப் பூச்சுகளை, அடுக்கிக்கொண்டே போவார்கள். விக்டோரியா காலத்தின் நடுவில் வந்த வழியில், வெள்ளை கலந்த கனத்த வண்ணத்தை நுனித் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்து நெய்வார்கள். கெய்ரோவில் 10 ஆண்டு வாழ்ந்த ஆங்கில ஓவியர் ஜான் ஃபிரடெரிக் லூயிஸின் படங்களைப் பாருங்கள். மரச் சல்லடைச் சன்னலின் ஒவ்வொரு கண்ணும், கம்பளத்தின் ஒவ்வொரு பூவும் எண்ணி எடுக்கலாம். மெல்வில் அதே கெய்ரோவுக்கு, லூயிஸுக்கு ஒரு தலைமுறை பின்னால் போனவர். அதே சன்னல் வெளிச்சம் அவரையும் ஈர்த்தது. 1881இல் எண்ணெயில் வரைந்த அரபு வீட்டு உள்ளறை அதற்குச் சான்று. ஆனால் நீர்வண்ணத்தில் அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே வெள்ளை தாளின் மேற்பரப்பிலும் இல்லை, வண்ணத்துக்குள்ளும் இல்லை. தாளின் நாருக்குள் ஊறிக் கிடக்கிறது.

இதற்கு என்ன ஆதாரம்? ரோமிலி ஃபெட்டன் என்ற நீர்வண்ண ஓவியர் 1917இல் வெளியிட்ட நூலில் மெல்வில்லின் முறையைச் சொல்லியிருக்கிறார். அதன் சாரம்: சைனீஸ் ஒயிட் என்ற வெள்ளையை நீர்க்கக் கரைத்து, தாள் முழுக்க ஊறி நிறையும்வரை மெல்வில் ஊட்டுவார். பெரும்பாலும் ஈரப் பரப்பின் மேலேயே வேலை செய்வார். வேண்டாத விவரத்தை ஸ்பாஞ்சால் துடைத்தெடுப்பார். வண்ணத்தைத் தூரிகைக் கோடாக இழுக்காமல், நிறைந்த பொட்டாகச் சொட்டவிடுவார். அது சிறு குளமாகத் தேங்கும்போது அடியிலிருக்கும் வெள்ளை அதன் ஓரத்தை மென்மையாக்கும். முக்கியமான பொட்டுகளை வைப்பதற்கு முன் ஒரு கண்ணாடித் தகட்டைப் படத்தின் மேலே நகர்த்தி, அதில் பல அளவு, பல நிறப் பொட்டுகளை வைத்துப் பார்த்து, சரியாக அமைந்த பிறகே தாளில் வைப்பார். அலங்கோலமாகத் தெரியும் கறைகள் எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தவை என்றும் ஃபெட்டன் அழுத்திச் சொல்கிறார்.

இதில் எதை உறுதியாகக் கொள்ளலாம், எதைச் சற்றுத் தள்ளி வைக்கலாம் என்று பிரித்துச் சொல்கிறேன். அந்த நூல் மெல்வில் இறந்து 13 ஆண்டு கழித்து வந்தது. எழுதியவர் தொழில் தெரிந்தவர், ஆகவே முறையின் எலும்புக்கூட்டை நம்பலாம். வெள்ளை ஊட்டிய தாள் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய செய்தியும்கூட: சைனீஸ் ஒயிட் என்பது துத்தநாக ஆக்சைடு, புற ஊதா விளக்கின் கீழ் அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். மேலே பூசிய வெள்ளையா, தாள் முழுக்கப் பரவிய வெள்ளையா என்பது அந்த ஒளியில் பிரிந்து தெரியும். கண்ணாடித் தகட்டுக் கதை அப்படிப்பட்டதில்லை. கண்ணாடியில் வைத்துப் பார்த்ததற்கான தடயம் எதுவும் தாளில் தங்காது. எனவே இந்தக் குறிப்பிட்ட படத்தில் கண்ணாடி வைத்தார், அந்தப் படத்தில் வைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல அவருடைய நீர்வண்ணம் எல்லாமே இந்த முறையில் பிறந்தவை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ஃபெட்டன் சொல்வது முதிர்ந்த மெல்வில்லை.

'தற்செயல்' என்ற சந்தேகத்துக்கு நூல் சாட்சியைவிட ஆண்டுக் கணக்கு நல்ல பதில் சொல்கிறது. பாஷாவைப் பார்க்கக் காத்திருக்கும் கூட்டத்தை அவர் வரைந்த பெரிய நீர்வண்ணம் 1883இல் தொடங்கி 1887 வரை போயிருக்கிறது. அவர் அந்த நாடுகளில் சுற்றியது 1882இல். வெனிஸின் நீல இரவைக் காட்டும் படம் (லண்டன் டேட் சேகரிப்பில் உள்ளது) 1897இல் வரைந்தது. வெனிஸ் பயணம் 1894இல். அதாவது கண்ட காட்சி மங்கிய பிறகு, ஓவியக்கூடத்தில் உட்கார்ந்து, நினைவையும் குறிப்புகளையும் வைத்துக் கட்டிய படங்கள் இவை. சட்டென்று தெறித்தது போன்ற தோற்றம்தான் அவர் கட்டிய கட்டடம். இந்த ஒரு காரணத்துக்காகவே அவரை வெறுமனே 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்று முத்திரை குத்துவது எனக்கு ஒப்புதல் இல்லை. வெளியில் நின்று அந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிப்பது அவர்கள் வேலை. இவர் வெளிச்சத்தை ஆண்டுக்கணக்கில் சுமந்துவந்து, கழித்துக் கழித்துக் கடைசியில் 20 பொட்டில் வைப்பவர். அந்தக் கால விமர்சகர்கள் இந்தப் பாணிக்கு வைத்த பெயர் 'பிளாட்டெஸ்க்', மைக்கறை போன்றது என்ற பொருளில். அது பாராட்டாக மட்டும் சொல்லப்பட்டதில்லை.

கிட்டே போய் ஒன்றைப் பார்ப்போம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'பிராவோ டோரோ' என்ற காளைச்சண்டைப் படம் இருக்கிறது. பார்வையாளர் திரள் முழுவதும் பொட்டுகள். ஒரு முகத்துக்கும் கண், மூக்கு கிடையாது. ஆனால் அந்தப் பொட்டுகளின் ஓரங்களைக் கவனியுங்கள். சில ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல இருக்கும். அவை காய்ந்த தாளில் விழுந்தவை. சில, பக்கத்துப் பொட்டோடு கரைந்து நிற்கும். அவை ஈரத்தில் விழுந்தவை. இன்னும் சிலவற்றில் உள்ளே வெளிறி ஓரத்தில் மட்டும் கருத்த வளையம் இருக்கும். அவை தேங்கிய குளம் தானாகக் காய்ந்தவை. மூன்று விதமும் ஒரே கூட்டத்துக்குள் கலந்து வரும்போதுதான் கண் அதை ஆட்களாகப் படிக்கிறது: வெட்டிய ஓரம் முன்னால் இருப்பவன், கரைந்த ஓரம் பின்னால் இருப்பவன். எல்லாப் பொட்டும் ஒரே வித ஓரத்தோடு இருந்தால் அது பூப்போட்ட துணிபோல ஆகிவிடும். நீங்கள் இணைத்திருக்கும் முயற்சியில் நடந்திருப்பது இதுதான். எல்லாமே கரைந்த ஓரம்.

இன்னொரு துணிச்சலான படம் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது: 1889இல் பாரிஸின் மூலான் ரூஜ் நடன அரங்கில் ஆடுபவர்கள். சிறிய தாள்தான். ஆடுபவர்களின் உருவத்தைக் கண்டுபிடிக்கவே சற்று நேரம் ஆகும். அந்த ஆண்டில் பிரிட்டனில் நீர்வண்ணத்தில் வேறு யாரும் இவ்வளவு தூரம் போயிருப்பார்களா என்பது சந்தேகம்.

இப்போது செய்முறை. ஃபெட்டன் அளவு எதுவும் தரவில்லை. கீழே சொல்லும் அளவுகள் இன்று கடையில் கிடைக்கும் பருத்தித் தாளுக்கும் டியூப் வண்ணத்துக்கும் பொருந்துபவை. மெல்வில்லின் சமையற்குறிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாள் 100 சதவீதம் பருத்தியாக, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையாவது இருக்க வேண்டும். மரக்கூழ்த் தாளில் இந்த வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்; இரண்டாம் முறை ஸ்பாஞ்ச் பட்டதும் மேல்நார் உரிந்து பஞ்சாக எழும். தாளின் உள்ளும் புறமும் உள்ள பசை, அதாவது சைசிங், ஜெலட்டினாக இருந்தால் மிக நல்லது; அது துடைப்பைத் தாங்கும். தாளைத் தட்டில் 8-10 நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நான்கு பக்கமும் பசைத்தாள் நாடா ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். சுடுநீர் கூடாது, ஜெலட்டின் கரைந்து போய்விடும். 640 கிராம் தாள் என்றால் இழுத்து ஒட்டும் வேலை மிச்சம்.

வெள்ளை வாங்கும்போது டியூப்பின் பின்பக்கம் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். துத்தநாக வெள்ளைக்கு பி.டபிள்யூ.4 என்று இருக்கும். பி.டபிள்யூ.6 என்றிருந்தால் அது டைட்டானியம். மாணவர்களுக்கான டியூப்களில் மேலே 'சைனீஸ் ஒயிட்' என்று எழுதி உள்ளே டைட்டானியம் வைத்திருப்பது சகஜம். டைட்டானியம் மறைக்கும் வலு மிக்கது. தாளை மூடிவிடும், மேலே விழும் வண்ணத்தையும் சுண்ணாம்பாக்கிவிடும். துத்தநாகம் அரைகுறையாக ஒளியை விடும். நமக்கு வேண்டிய குணம் அதுதான்.

பாதி இம்பீரியல் தாளுக்கு (சுமார் 38 x 56 செ.மீ.) 5 மி.லி. துத்தநாக வெள்ளையை 50-60 மி.லி. நீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். நீர்மோர் பதம். இவ்வளவு நீர் சேர்த்தால் டியூப்பிலுள்ள பிசின் போதாமல் போய், காய்ந்ததும் வெள்ளை மாவாக உதிரும். அதனால் கம் அரபிக் என்ற மரப்பிசின் கரைசல் 4-5 சொட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பரப்பு பளபளத்து வெடிக்கும். தாளை முதலில் வெறும் நீரால் ஈரமாக்கி, அகலத் தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளையை ஓட்டி, ஈர ஸ்பாஞ்சால் அழுத்தாமல் ஒற்றி நாருக்குள் செலுத்துங்கள். முழுக்கக் காயட்டும். மறுபடி ஒரு முறை. இரண்டு முறை போதும், சொரசொரப்புத் தாளுக்கு மூன்று. சரியாக வந்ததா என்று பார்க்க, காய்ந்த பிறகு ஓரத்தில் உலர்ந்த விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் நாலு தரம் தேய்த்தால் இலேசாகப் பால் கசிய வேண்டும். விரலில் ஒட்டினால் வெள்ளை மேலேயே நிற்கிறது என்று பொருள். ஒரு முறை நீரால் கழுவி ஒற்றி எடுங்கள். பால் கசியவே இல்லை என்றால் வெள்ளை போதவில்லை, சாதாரணத் தாளில் வரைவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

வெள்ளைக்குப் பதில் அக்ரிலிக் ஜெஸ்ஸோவோ, வாட்டர்கலர் கிரவுண்டோ (இரண்டும் கடையில் விற்கும் அடிப்பூச்சுகள்) பூசலாமா என்று பலர் கேட்பார்கள். பூசலாம், ஆனால் அது வேறு விளையாட்டு. அவை காய்ந்ததும் மறுபடி கரையாது. மெல்வில் முறையின் உயிரே, அடியிலுள்ள வெள்ளை ஈரத்தில் கொஞ்சம் நெகிழ்ந்து மேலே வரும் வண்ணத்தின் ஓரத்தோடு கலப்பதில் இருக்கிறது.

அடுத்தது வேலையின் வரிசை. பலகையைச் சாய்க்காமல் படுக்கையாக வையுங்கள். சாய்த்தால் குளங்கள் ஒழுகி ஒரே பக்கம் சேரும். தாளை ஈரமாக்கிப் பெரிய வெளிச்சப் பகுதிகளை, அதாவது மணல், சுவர், வானம் ஆகியவற்றை, இரண்டு மூன்று பெரும் வாஷ்களாகப் போட்டுவிடுங்கள். பளபளப்பு அடங்கும்வரை காத்திருங்கள். மேற்பரப்பில் மினுப்பு போய், புறங்கையை அருகே கொண்டுபோனால் இன்னும் குளிர்ச்சி தெரியும் நேரம் ஒன்று இருக்கிறது. கரைந்த ஓரப் பொட்டுகளுக்கான நேரம் அது. அந்த நேரத்தில் தூரிகையிலுள்ள வண்ணம், தாளிலுள்ள ஈரத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்த வண்ணத்தைச் சொட்டினால், அதிலிருக்கும் அதிகப்படி நீர் ஏற்கெனவே படிந்த நிறமியை வெளிப்பக்கம் தள்ளி, காலிஃப்ளவர் மாதிரி விளிம்பு கட்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இந்த நேரம் நீளமாகக் கிடைக்கும். மின்விசிறியைப் போட்டால் தாளின் ஒரு பாதி காய்ந்து மறுபாதி ஈரமாக நிற்கும், எங்கே எந்த ஓரம் வரும் என்று சொல்லவே முடியாது. விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அது முழுக்கக் காய்ந்த பிறகு துடைப்பு. சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த இயற்கை ஸ்பாஞ்சால், தேவையில்லாத விவரங்களை மேலிருந்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வெள்ளையும் வண்ணமும் குழம்பிப் போகும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள். சேறு வருவதற்குப் பாதிக் காரணம் அழுக்கு ஸ்பாஞ்ச்தான். இங்கே நிறத் தேர்வும் முக்கியம். கோபால்ட் நீலம், அல்ட்ராமரின், லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, அம்பர் போன்றவை துடைத்தால் வரும். தாலோ நீலம், தாலோ பச்சை இரண்டும் நாரைக் கவ்விக்கொள்ளும், வராது. அவை 1930களில்தான் சந்தைக்கு வந்தவை, மெல்வில்லின் பெட்டியில் இருந்திருக்க வழியே இல்லை.

சேற்றின் மறுபாதிக் காரணம், கருமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப் பார்ப்பது. சாதாரணத் தாளில் ஐந்து மெல்லிய வாஷ் போட்டுக் கருமைக்குப் போகலாம். வெள்ளை ஊட்டிய தாளில் ஒவ்வொரு வாஷும் கொஞ்சம் வெள்ளையைக் கிளப்பி எடுத்துக்கொள்ளும். ஐந்தாவதில் கருமைக்குப் பதில் சாம்பல் நிறந்தான் கிடைக்கும். ஆகவே இந்தத் தாளில் அடர்ந்த நிறத்தை ஒரே தரத்தில், தூரிகை நிறைய, காய்ந்த பரப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தொடக்கூடாது. 10ஆம் எண், 12ஆம் எண் உருண்டைத் தூரிகையின் வயிறு நிறைய வண்ணம் எடுத்து, நுனி தாளைத் தொட்டதும் வண்ணம் தானாக இறங்கட்டும். மெல்வில்லின் பொட்டுகள் ஏன் பொட்டுகளாக இருக்கின்றன என்பதற்கு இந்தத் தாளே பாதி விடை. அது திருத்தத்தை மன்னிக்காது. அப்படி இருக்கும்போது எங்கே வைப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி அங்கேதான் வருகிறது.

கண்ணாடிக்குப் பதில் தடித்த ஓஎச்பி தாளோ அக்ரிலிக் தகடோ போதும். படம் முழுக்கக் காய்ந்த பிறகே மேலே வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் வண்ணம் தகட்டோடு வந்துவிடும். வழவழப்பான பரப்பில் நீர்வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். தகட்டைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவிடுங்கள், அல்லது வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை கௌவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) கலந்து கெட்டியாக்குங்கள். பொட்டை வைத்துவிட்டு எழுந்து 2 மீட்டர் தள்ளி நின்று, நேர் எதிரே பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தகட்டின் கனத்தால் பொட்டு இடம் மாறித் தெரியும். ஒரு சிவப்புப் பொட்டை அரை அங்குலம் நகர்த்தியதும் ஒரு மூலை முழுக்க உயிர் பெறுவதையும், அதே பொட்டு இன்னொரு இடத்தில் வெறும் கறையாகவே நிற்பதையும் பார்ப்பீர்கள். ஆனால் ஒன்று: கண்ணாடி இடத்தையும் அளவையும் மட்டும்தான் நம்பகமாகச் சொல்லும். நிறத்தின் அடர்த்தியைச் சொல்லாது. தகட்டில் ஈரமாக இருக்கும் வண்ணம், இந்தத் தாளில் காய்ந்ததும் நன்றாகவே வெளிறும். அதற்கு அதே மாதிரி வெள்ளை ஊட்டிய துண்டுத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் சொட்டிக் காயவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த வண்ணங்கள் நிலைக்குமா என்ற கேள்வியும் எழும். மெல்வில்லின் காலத்தில் இதே கேள்வி பெரிய சண்டையாகவே நடந்தது. 1886இல் நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் அழிகின்றன என்று லண்டன் பத்திரிகைகளில் வாதம் கிளம்ப, அரசு ரஸ்ஸல், ஏப்னி என்ற இரு அறிவியலாளர்களிடம் சோதனையை ஒப்படைத்தது. அவர்களுடைய 1888 அறிக்கை, கார்மைன், கிரிம்சன் லேக் போன்ற சாயச் சிவப்புகள் வெளிறுவதையும் மண்நிறங்களும் கோபால்ட்டும் தாங்குவதையும் காட்டியது. ஈரமான காற்றில் வெளிறல் வேகமானது என்பதும் அதில் தெரிந்தது. துத்தநாக வெள்ளையைப் பொறுத்தவரை இரு பக்கமும் உண்டு. ஈய வெள்ளை மாசுக் காற்றின் கந்தகத்தால் கறுக்கும், இது கறுக்காது. ஆனால் சில சாய நிறங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்தால் ஒளியில் இன்னும் சீக்கிரம் வெளிறும். ஆகவே இந்தத் தாளில் அலிசரின் கிரிம்சனைத் தவிர்த்துவிடுங்கள். குவினாக்ரிடோன் சிவப்பு ஒன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அவருக்குப் பின் என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளை ஊட்டிய தாளில் வரையும் இதே முறையில் பெரிய பெயர் எடுத்தவர்கள் கிடையாது. அது அவரோடு போன கைவேலை. நிறத்தில் அவர் காட்டிய துணிச்சலைத்தான் அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. ஸ்காட்டிஷ் கலரிஸ்ட் என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஜே. டி. ஃபெர்கூசன், தான் நேரில் பார்த்திராத மெல்வில்தான் தனக்கு விடுதலை தந்தவர் என்று நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அதே குழுவின் எஃப். சி. பி. கேடெல் 16 வயதில் பாரிஸுக்குப் படிக்கப் போனதற்குக் குடும்ப நண்பரான மெல்வில் கொடுத்த ஊக்கமும் காரணம். பிறகு 2015இல் எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடம் அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் ஓவியங்களைப் போல நீர்வண்ணங்களை ஆண்டு முழுக்கச் சுவரில் மாட்டிவைக்க மாட்டார்கள். சுமார் 50 லக்ஸ் (ஒளியளவு அலகு) என்ற மங்கிய வெளிச்சத்தில் சில மாதம் காட்டிவிட்டு இருட்டறைக்குத் திருப்பிவிடுவார்கள். எடின்பரோ ஓவியக்கூடம் ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ணத் தொகுப்பு ஒன்றை ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில் மட்டும் வெளியே எடுப்பது பிரசித்தம். அதனால் எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டன் எதற்குப் போவதானாலும், குறிப்பிட்ட படத்தின் பெயரைச் சொல்லி அது இப்போது காட்சியில் இருக்கிறதா, இல்லையென்றால் படிப்பறையில் எடுத்துக் காட்ட முடியுமா என்று சில வாரங்களுக்கு முன்பே அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள். படிப்பறை கிடைத்தால் இன்னும் நல்லது: படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டச் சொல்லலாம். பொட்டுகள் மேடாக நிற்கின்றனவா, தாளோடு தாளாக அமிழ்ந்திருக்கின்றனவா என்பதை எந்தத் திரையும் உங்களுக்குக் காட்டாது.